எஞ்சின் மாத்த மூணு நாள், நம்பர் ஏத்த ஏழு மாசம்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து எழுதுதேன். சின்ன லோடு வண்டி வச்சுப் பொழைக்கிற ஆளு நான், பேப்பருக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்ல, தப்பு இருந்தா திருத்திப் போட்டுக்கிடுங்க.

விஷயம் என்னன்னா என் தங்கச்சி மகன் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப்பை சல்லிசா வாங்கிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டியிருக்கான். அதுல காயலாங்கடை டீசல் எஞ்சினைத் தூக்கி வைக்கப் போறானாம். வேண்டாம்லேன்னா, "தாத்தா மாத்தலயா, நீங்க மாத்தலயா மாமா, நான் மாத்துனா மட்டும் என்ன"ன்னு கேக்கான். கேக்கதுல ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. ஆனா தாத்தா மாத்துனது வேற, நான் மாத்துனது வேற, இவன் மாத்தப் போறது வேற, அதைச் சொன்னா ஏறமாட்டேங்குது, அதான் உங்களுக்கு எழுதுதேன், இவனை மாதிரி ஊருக்கு நாலு பேரு இருப்பான்லா.

எங்க அப்பா மாத்துனது 1986-ல. மகிந்திரா ஜீப் சேஸ்ல, அதாவது அடிச்சட்டத்துல, பின்னால பலகை அடிச்ச பிக்கப்பு, ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், 2199 சிசி. சவம் பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும், கல்லிடைக்குறிச்சில அப்பளக் கட்டு ஏத்தி திருநெல்வேலி போயிட்டு வந்தா வாடகையில பாதி பெட்ரோல் பங்க்லயே போயிரும். அப்ப டீசல் வெலை பெட்ரோல்ல பாதி கூட வராது, அதனால ஜீப்பு, அம்பாசிடர்னு வச்சிருந்தவாளெல்லாம் மாத்திக்கிட்டு இருந்த காலம். ஜங்ஷன் பக்கம் ஒரு பட்டறையில பீஜோ டீசல் எஞ்சின் ஒண்ணு, 2112 சிசி, கியர்பாக்ஸ், அது ரெண்டையும் இணைக்கிற பெல் ஹவுசிங் கூடு எல்லாம் சேர்த்தே வாங்கிப் போட்டாவ. சேர்த்து வாங்குனதுதான் புத்திசாலித்தனம், எஞ்சினை மட்டும் வாங்கிட்டு வந்து பழைய கியர்பாக்ஸோட ஜோடி சேர்க்கேன்னு போனா கிளட்ச்சும் சேராது, ரெண்டு தண்டும் ஒரே நேர்க்கோட்டுல செண்டரும் சேராது, கியர் கம்பு பேய் பிடிச்ச மாதிரி ஆடும்.

எஞ்சின் உள்ள உக்காந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கான் என் மருமகன், அங்கனதான் வேலையே ஆரம்பிக்கும். டீசல் எஞ்சின் கனம் ஜாஸ்தி, முன்னால ஸ்பிரிங் பட்டை படுத்துரும், அப்பா ஒரு பட்டை கூட சேர்த்தாவ. பெட்ரோல் டேங்குல எஞ்சினுக்குப் போற ஒரு ஓட்டைதான் இருக்கும், டீசலுக்கு மிச்ச எண்ணெய் திரும்பி வர ரிட்டன் லைன் வேணும், அதுக்கு டேங்குல ஓட்டை போட்டு நிப்பிள் வெல்டிங் வைக்கணும், பெட்ரோல் இருந்த டேங்கை சும்மா வெல்டிங் அடிச்சா வெடிச்சுரும், அதனால கழட்டிக் கழுவி தண்ணியை நெறைச்சு வச்சுட்டு அடிச்சாவ. டேங்குக்குள்ள இருக்க துரு ஒரு துளி எஞ்சினோட டீசல் பம்புக்குப் போனாலும் செலவு நம்ம தலையில, பில்டர் நல்லா இல்லாட்டி ஒரே மாசத்துல தெரிஞ்சுரும். பேட்டரி பெருசாகணும், ஏன்னா பெட்ரோல் எஞ்சின் ஏழு எட்டு மடங்கு அமுக்குற காத்தை டீசல் எஞ்சின் இருபது மடங்குக்கு மேல அமுக்குது, பழைய பேட்டரி அதைச் சுத்தாது. டீசல் எஞ்சின் பெட்ரோல் அளவுக்கு வெரசா சுத்தாது பாத்துக்கிடுங்க, அதனால பின் அச்சுல இருக்க கிரவுன் பினியன்ங்கிற பல்சக்கர ஜோடியை மாத்தாம விட்டா இழுவை இருக்கும், ஓட்டம் இருக்காது, தார் ரோட்டுல நாப்பதைத் தாண்டுனதும் எஞ்சின் கதறும்.

இன்னொண்ணு, சாவியைத் திருப்புனா அந்தக் காலத்து டீசல் எஞ்சின் நிக்காது, ஸ்டாப் கேபிளை இழுக்கணும். எங்க டிரைவர் அண்ணாச்சிக்கு அது மறந்துபோயி, முத நாளு சாவியை எடுத்து மடியில கட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, வண்டி பாட்டுக்கு தடதடன்னு ஓடிக்கிட்டு நிக்கி, கடைக்காரன் முதக்கொண்டு சிரிச்சான்.

இவ்வளவும் முடிச்சுட்டு அப்பா வண்டியைக் கொண்டுபோயி பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட, அதான் ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டி சோதிக்கிறவர்கிட்ட, காமிச்சாவ. ஆர்சி புக்குல பெட்ரோல்ங்கிறதை அடிச்சு சிவப்பு மையில டீசல்னு எழுதி, புது எஞ்சின் நம்பரையும் எழுதி, சீல் வச்சுக் கொடுத்தாவ. அந்த புக்கு இன்னும் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில கிடக்கு. அது 1939 மோட்டார் வண்டிச் சட்டத்துக் காலம், இப்ப நடக்கது 1988 சட்டம்.

என் கதைக்கு வாரேன். எனக்கு டீசல் பிக்கப்பு, வாழைத்தார் ஏத்திக்கிட்டு செங்கோட்டை புளியரை வழியா ஆரியங்காவு ஏத்தத்துல போகும்போது ரேடியேட்டர் தண்ணிக் குழாய் விட்டு, எஞ்சின் சூடாகி இறுகி சீஸ் ஆயிட்டு. பிளாக்கே கீறிட்டு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணியும் புண்ணியம் இல்லைன்னுட்டாங்க. ஒரு காயலாங்கடையில அதே கம்பெனி அதே மாடல் எஞ்சின் கெடச்சுது, துண்டுச் சீட்டுல தொகையை எழுதிக் கொடுத்தாங்க, மூணே நாள்ல மாட்டி வண்டி ஓடிருச்சு. மெக்கானிக்கும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. எட்டு வருசம் தாண்டுன வண்டி, வருசா வருசம் எப்சிக்கு, அதாவது வண்டி ஓடத் தகுதின்னு சர்டிபிகேட் வாங்க, காமிக்கணும்லா, அங்க பென்சில் வச்சு உரசி எடுத்துப் பாத்தா சேஸ் நம்பர் சரி, எஞ்சின் நம்பர் ஆர்சில இருக்கது இல்ல. இது யாரு வண்டி எஞ்சின், பில்லு எங்கன்னு கேக்காங்க, துண்டுச் சீட்டைக் காமிச்சா சிரிக்காங்க. திருட்டு வண்டியில கழட்டுனதா இருந்தா நான்லா உள்ள போகணும்? கடைக்காரன் எந்த வண்டியில இருந்து கழட்டுனான்னு தேடி, அந்த வண்டி ஓனரைப் பிடிச்சு எழுதி வாங்கி, எல்லாம் முடிய ஏழு மாசம், அதுவரை வண்டி ஷெட்டுல, வட்டி மட்டும் ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

பொறவுதான் ஒரு வக்கீல் விவரமா சொன்னாரு. அந்த 1988 சட்டத்துல 52-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்காம். எஞ்சினை மாத்துனா 14 நாளைக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும். அந்தப் பிரிவை 2000-ல திருத்திட்டாங்க, கம்பெனி என்ன அமைப்புல கொடுத்துச்சோ அதுக்கு மாறா ஆர்சில இருக்க விவரம் மாறக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. கேஸுல ஓட, பேட்டரில ஓடன்னு வண்டியை மாத்த அங்கீகாரம் உள்ள கிட் போட வழி இருக்கு, கம்பெனி பெட்ரோல்னு கொடுத்ததை காயலாங்கடை டீசலா ஆக்குறது அந்தக் கணக்குல வராது. மீறுனா ஒரு மாத்தத்துக்கு 5000 ரூவா அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயிலு, ரெண்டும் சேர்த்தும் போடலாம். நான் மாத்துனது அதே மாடலு, அதனால நம்பர் ஏத்திக் கொடுத்தாங்க. இவன் பண்ணப் போறதுக்கு நம்பர் ஏறவே ஏறாது. மெனக்கெட்டு மாத்தி என்னத்த மிச்சம் பிடிக்கப் போறான், இன்னைக்கு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு பத்து ரூவா கூட வித்தியாசம் இல்ல.

நான் கேக்கது ரெண்டுதான். எஞ்சின் மாத்திக் கொடுக்கிற பட்டறைக்காரங்க வேலையில கைய வைக்கதுக்கு முன்னால "பில்லு இருக்கா, ஆர்சில ஏத்துவியா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, உங்களுக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாது. ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல எந்த எஞ்சினை மாத்தலாம், எதை மாத்தக்கூடாது, மாத்துனா என்னென்ன பேப்பர் கொண்டு வரணும்னு தமிழ்ல ஒரு போர்டு வைங்க, புரோக்கர்கிட்ட காசு கொடுத்துத் தெரிஞ்சுக்கிடுத விஷயமா இது?

என் மருமகன் உங்க பேப்பர்ல கிரிக்கெட் பக்கம் மட்டும்தான் படிப்பான், முடிஞ்சா அதுக்குப் பக்கத்துலயே இதைப் போடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு எஞ்சினைத் தூக்குற செயின் பிளாக் வாடகைக்குச் சொல்லி வச்சிருக்கான், அதுக்கு முன்னால வந்துட்டா நல்லது.

இப்படிக்கு,
ஒரு லோடு வண்டிக்காரன்,
அம்பாசமுத்திரம்