தெலோ என்றால் தண்ணி

போர்ட் லூயிஸ், மொரீஷியஸ்,
பிப்ரவரி 2024

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டுவலி குறைந்ததா? "வகுப்பில் நாற்பது பிள்ளைகள், வாயைத் திறப்பது நான்கே பேர்" என்று எழுதியிருந்தாயே, அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த பேச்சுமொழியான கிரியோல், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம், டிவியில் பிரெஞ்சு. நடுவில் என் தமிழ் வகுப்பு. எழுத்துக்கூட்டி அழகாக வாசிப்பார்கள். கேள்வி கேட்டால் தலை குனிந்துவிடும். இத்தனை வருடம் "தமிழில் சொல்லு" என்று அதட்டி நானே அவர்கள் வாயை அடைத்திருக்கிறேன். 2012-ல் கிரியோல் பள்ளிப் பாடமானபோது தமிழுக்குக் கேடு என்று உனக்குக் கோபமாக எழுதினேன் அல்லவா? அது தவறு.

என்னிடம் மூன்று வருடமாகப் படிக்கும் ஒரு பெண். எது கேட்டாலும் "மோ பா கோனே, மிஸ்". தெரியாது, அவ்வளவுதான்.

ஜனவரி 15-ல் பெலால் புயலில் இந்த ஊர்த் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பாய். பள்ளி திறந்ததும், "அன்று வீட்டில் என்ன நடந்தது? எந்த மொழியிலும் சொல்லலாம்" என்றேன். அவளிடம் வந்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பேசாத பிள்ளையும் பேசும் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே கண்டு சொன்னது.

"தெலோ..." என்று ஆரம்பித்தாள். வாசலில் ஏறிய தண்ணீர், பாட்டியைக் கட்டிலோடு தூக்கியது, நனைந்துபோன அரிசி, எல்லாம் கிரியோலில் மூச்சுவிடாமல். பிறகு எல்லோருமாகத் தமிழில் சொல்லிப் பார்த்தோம். தெலோவுக்குப் பலகையில் 'நீர்' என்று எழுதினேன். "இல்லை மிஸ், பாட்டி தண்ணின்னுதான் சொல்லும்" என்று திருத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன டிசம்பரில் மிக்ஜாம் புயலில் உன் பிள்ளைகள் வீட்டிலும் வெள்ளம் வந்திருக்குமே. அந்தக் கதையைச் சொல்லவைத்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பு. இவர்கள் பதில் சொல்லட்டும். அவள் கதையைத் தமிழில் திரும்பச் சொல்லச்சொல்லிப் பதிந்திருக்கிறேன், இன்றே அனுப்புகிறேன். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன், நிறுத்திவிடாதே.

என்றும் உன்,
பழைய அறைத்தோழி