நம்ம சங்கத்தில் பொருளாளர், செயலாளர் பொறுப்புக்கு வர விரும்புகிறவர்களுக்கு

அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

பொருளாளராக விரும்புகிறவங்க மூன்று மாதம் இப்போதைய பொருளாளர் கூடவே இருந்து கணக்கு எழுதிப் பழகுங்க. ரசீதை அன்றன்றைக்கே ஒட்டி, மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்க. சேர்த்து வைத்து எழுதினால்தான் கணக்கு இடிக்கும்.

பேங்க் கையெழுத்து மாற்ற தீர்மான நகல், ஆதார், பான், போட்டோ தயாரா இருக்கட்டும். தீர்மானத்தில் புதியவர் பெயரைச் சேர்ப்பதோடு பழையவர் பெயரை நீக்குவதையும் எழுதணும். நிர்வாகி மாற்றத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் தாக்கல் செய்யணும். பலரும் மறப்பது இதைத்தான்.

பேசத் தயங்குகிறவங்களுக்கு முதலில் போன கூட்டத்துத் தீர்மானத்தை வாசிக்கக் கொடுங்க. அடுத்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயங்களில் ஒன்றை மட்டும் அவங்களே நடத்தட்டும். பீடி சுற்றுகிறவங்களும் பொறுப்புக்கு வரணும், அதனால் இலை, தூள் வாங்கப் போகும் நேரத்தில் கூட்டம் வைக்காதீங்க.

விருப்பமுள்ளவங்க இங்கேயே பெயர் போடுங்க.