கணக்கெடுப்புக்குப் போகும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மணி சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணிக்கு உன் பெயரும் வந்திருக்கிறதாம், நீ பத்தாம் வகுப்புப் பரீட்சையைக் காட்டி நழுவப் பார்க்கிறாயாம். பானு கல்யாணத்துக்கும் இதே பரீட்சைதானேடி! இந்த முறை விடமாட்டேன். நீ போயே ஆக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டாக வீடுவீடாகப் போகிறவள் நான். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், கழுத்து நிற்காத குழந்தைகள் என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் எங்கள் பட்டியலில் இருக்கிற வீட்டை விட, அதற்கு நாலு வீடு தள்ளி எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கிறவர்கள்தான் மனதை அரிக்கிறார்கள். போன வாரம் ஒரு தெருவில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். இடது கை விளங்காமல் போய் வருஷக்கணக்காகிறது. சான்றிதழ் வாங்கினீர்களா என்று மகனைக் கேட்டேன். "அவங்களுக்கு வாதம்தானே மேடம், ஊனம் எதுவும் இல்லையே" என்றான். ஒளிக்கவில்லை, அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறான்.

இப்போது கணக்கைப் பார். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம் பேர். 2011-இல் அது 11.79 லட்சம். பத்து வருஷத்தில் நாலரை லட்சம் பேருக்கு மேல் எங்கே போனார்கள்? குணமாகியா விட்டார்கள்? கேட்ட விதமும் வைத்த வரையறையும் மாறின, அவ்வளவுதான். இந்தியா முழுக்க 2011-இல் 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனமோ உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு இருக்கிறது என்கிறது. பக்கத்தில் இலங்கையில் 2012-இல் எடுத்தபோது ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் வந்தது. அங்கே உடம்பு வேறு, இங்கே உடம்பு வேறா? அங்கே ஒவ்வொரு செயலாகக் கேட்டார்கள். கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, நடக்க, படியேறச் சிரமமா, ஞாபகம் வைத்துக்கொள்ள, குளித்து உடுத்திக்கொள்ளச் சிரமமா என்று. லேசான சிரமம் என்று சொன்னவர்களும் அதில் சேர்ந்தார்கள். இங்கே வாசலில் நின்று, "வீட்டில் யாராவது மாற்றுத்திறனாளி இருக்காங்களா?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு, ஏழு வகையாக இருந்த குறைபாடுகள் 21 வகையாகிவிட்டன. பார்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா, கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. உன் வகுப்பிலேயே இரண்டு எழுத்தைச் சேர்த்து வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இருப்பார்கள், உனக்குத் தெரியாததா? அந்த வீடுகளில் கேட்டுப் பார், ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். மனநோய் என்றால் கேட்கவே வேண்டாம், கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில் கதவையே சாத்திவிடுவார்கள். அவர்களிடம் நீ தெளிவாகச் சொல்லு: 1948 கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வது வெளியே போகாது. உன் வாயால் சொன்னால் நம்புவார்கள்.

இவ்வளவு ஏன் அலட்டிக்கொள்கிறாள் என்று கேட்பாய். எத்தனை பேர் என்று தெரியாமல் எத்தனை பிசியோ, எத்தனை பேச்சுப் பயிற்சியாளர், எத்தனை சக்கர நாற்காலி என்று யார் முடிவு செய்வது? மாற்றுத்திறனாளிகளுக்காக விழுதுகள் என்ற சேவை மையங்களைத் திறக்கிறார்கள், நல்ல காரியம், சந்தோஷமாக இருக்கிறது. எங்கே திறப்பது என்பதற்கும் தலைக்கணக்குதானே வேண்டும்? தேசிய குடும்பநல ஆய்வில் ஐந்தாவது சுற்றில் இருந்த மாற்றுத்திறனாளிகள் பற்றிய கேள்வியை ஆறாவதில் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒருவர்கூட விடாமல் கேட்கிற வாய்ப்பு நாடு முழுக்க இந்தக் கணக்கெடுப்பு ஒன்றுதான், அதுவும் 16 வருஷம் கழித்து வருகிறது.

ஒன்றை மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. கணக்கில் பெயர் ஏறினால் உதவித்தொகை வந்துவிடாது. அதற்கு மருத்துவர் சான்றிதழ் வேண்டும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். பாதிப்பு 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மாதா மாதம் தரும் பராமரிப்புத் தொகையும் சில வகைப் பாதிப்புகளுக்குத்தான். படுத்த படுக்கையாக இருக்கிற அப்பாவை வேன் பிடித்துச் சான்றிதழுக்குத் தூக்கிப் போய், டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். வேன் வாடகைக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் அப்படிப்பட்ட வீடு உன் கண்ணில் பட்டால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லு. உங்கள் ஊர் பிசியோவிடமும் நான் பேசிவைக்கிறேன். உனக்கு நேரமில்லையென்றால் எனக்குப் போன் போடு.

அப்புறம், பயிற்சி வகுப்புத் தேதி வந்ததும் சொல்லு. அதற்கடுத்த ஞாயிறு நான் அங்கே வருகிறேன். உன்கூடப் போகிற டீச்சர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு வை, ஒரு மணி நேரம் பேசினால் போதும். மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில்தான், மீன் குழம்பை மட்டும் மணியை வைக்கச் சொல்லு, உன் கைக்கு அது வராது.

அன்புடன்,
வசந்தி