ராபர்ட்ஸ் பெயரை ஒரு சிறிய கப்பலுக்கு வையுங்கள்

அமெரிக்கக் கடற்படைச் செயலர் அவர்களுக்கும், கப்பல்களுக்குப் பெயர் பரிந்துரைக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்ற ஏவுகணைக் கப்பலுக்கு 2015 மே மாதம் விடை கொடுத்தீர்கள். அந்தப் பெயரைத் தாங்கிய மூன்றாவது கப்பல் அது. நான்காவது ஒன்று வேண்டும், அதுவும் உங்களிடம் உள்ளதிலேயே சிறிய காவல் கப்பல்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ராபர்ட்ஸ் தளபதி அல்ல. வீரர்களைக் கரையில் இறக்கும் ஹிக்கின்ஸ் படகை ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரில், 1942 செப்டம்பர் 27 அன்று, பசிபிக் கடலில் உள்ள குவாடல்கனால் தீவின் மடனிக்காவ் ஆற்றுக்கு அப்பால் அமெரிக்க மரீன் படைப்பிரிவு ஒன்று ஜப்பானியரிடம் சிக்கிக்கொண்டது. அவர்களை மீட்கப் படகுகள் போயின. கரையிலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். ராபர்ட்ஸ் தன் படகை வேண்டுமென்றே எதிரியின் கண்முன் ஓட்டி, குண்டுகளைத் தன் பக்கம் இழுத்தார். மற்றப் படகுகளில் வீரர்கள் ஏறினார்கள். படுகாயம் அடைந்த அவர் மறுநாள் இறந்துபோனார். அவருடைய படகோ வெறும் ஒட்டுப்பலகையால் ஆனது.

அவர் பெயரை முதலில் பெற்றது 1,350 டன் எடையுள்ள ஒரு டிஸ்ட்ராயர் எஸ்கார்ட். வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் போய் நீர்மூழ்கிகளை விரட்டுவதற்காகக் கட்டிய வகை அது. ஹூஸ்டனில் கட்டி முடித்து, 1944 ஏப்ரலில் பணியில் சேர்த்தார்கள். ஆறே மாதம்தான். அக்டோபர் 25 காலை, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால் எதிரே வந்தவை ஜப்பானின் நான்கு பெரும் போர்க்கப்பல்கள், ஆறு கனரகக் குரூசர்கள். அவற்றில் ஒன்று யமாட்டோ. அதன் பீரங்கிக் குழாயின் வாய் 18 அங்குலம். ராபர்ட்ஸிடம் இருந்தவை 5 அங்குலப் பீரங்கிகள் இரண்டு.

இந்தச் சண்டையில் உயிர் பிழைப்போம் என்று எதிர்பார்க்க முடியாது என்பதைக் கேப்டன் கோப்லண்ட் ஒலிபெருக்கியில் மாலுமிகளிடம் மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, பின்னால் இருந்த சிறிய விமானந்தாங்கிகளைக் காக்கக் கப்பலை முன்னால் செலுத்தினார். 24 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குக் கட்டிய கப்பல், கொதிகலன்களின் வரம்பையும் மீறி 28 நாட்டைத் தாண்டியது. குரூசர்களை நெருங்கி, இருந்த மூன்று டார்பீடோக்களையும் ஏவியது. பின்பக்கப் பீரங்கியின் தலைவர் பால் ஹென்றி கார். அவருக்கு இருபது வயது. அவருடைய குழு 300க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. கடைசியில் பீரங்கியே வெடித்துச் சிதறியது. உடல் கிழிந்து கிடந்த நிலையிலும் அவர் எஞ்சிய ஒரு குண்டைக் கையில் ஏந்தி, அதை ஏற்ற உதவும்படி கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடிவதில்லை.

கப்பல் மூழ்கியது. 90 பேர் இறந்தார்கள். 120 பேர் மூன்று மிதவைகளைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ 50 மணி நேரம் கடலில் கிடந்தார்கள். 2022 ஜூனில் அதன் உடைந்த உடலை 6,895 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள்.

படகோட்டி செய்ததையேதான் கப்பலும் செய்தது. மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று, தன்னைவிடப் பலமடங்கு பெரிய எதிரியின் முன்னால் போய் நின்றது. சிறிய கப்பல் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். பெரிய கப்பல்களுக்கு வைக்க அதிபர்கள், தளபதிகள் பெயர்கள் உங்களிடம் நிறையவே இருக்கும். கோப்லண்டுக்கும் காருக்கும் நீங்கள் ஏற்கெனவே கப்பல்கள் அர்ப்பணித்தவர்கள். அன்று சமாரில் போரிட்ட ஜான்ஸ்டன் கப்பலின் கேப்டன் எவன்ஸ் பெயரையும் ஒரு புதிய நாசகாரிக்கு அறிவித்திருக்கிறீர்கள். மிகவும் சரியான செயல். ராபர்ட்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் மூன்றாவது ராபர்ட்ஸ் கண்ணிவெடியில் மோதியது. அடித்தண்டு முறிந்தது, இயந்திர அறையில் வெள்ளம் புகுந்தது, தீயும் பிடித்தது. பிளந்த மேற்கட்டுமானத்தை இரும்பு வடங்களால் இழுத்துக் கட்டினார்கள். ஒருவரும் சாகவில்லை. கப்பலைக் காப்பாற்ற அப்படி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்த மாலுமிகள், முதல் கப்பலின் மாலுமிகள் பெயர் பொறித்த பலகையைக் கடக்கும்போது அதைக் கையால் தொட்டுவிட்டுப் போனார்கள். நான்காவது கப்பலிலும் அந்தப் பெயர்ப் பலகை இருக்கட்டும். எல்லோரும் தினமும் கடந்து போகும் வழியில், கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடற்போர் வரலாற்றை ஆர்வத்தோடு படிக்கும் ஒரு தமிழ் வாசகர்