கொள்ளிடத்து உப்புக்கு ஓர் அளவு குறியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொள்ளிடத்துக் கதவணைகள் பற்றித் தங்கள் இதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். கதவணை வேண்டும் என்பதில் எங்கள் கரையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கதவணை வந்துவிட்டால் கடல்நீர் ஆற்றில் ஏறும் உப்புப் பிரச்சினை தீர்ந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதுதான் கவலையாக இருக்கிறது. 2014-இல் அறிவிக்கப்பட்ட ஆதனூர் - குமாரமங்கலம் கதவணைக்குக் கீழே கடல் வரைக்கும் ஆறு கிடக்கிறது. வல்லம்படுகை, பெராம்பட்டு, ஜெயங்கொண்டபட்டினம் எல்லாம் அந்தக் கீழ்ப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

முறைப்படி மேட்டூரை ஜனவரி 28-இல் மூடினால் ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். இடைப்பட்ட நாலரை மாதமும் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணைக்குக் கீழே ஓட்டம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. எதிர்த்துத் தள்ள நல்ல தண்ணீர் இல்லாததால் கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீரும் ஆற்றில் ஏறி வருகிறது. அது கனமானது, அடியோடு ஊர்ந்து வரும். மேலாக அள்ளி வாயில் வைத்தால் பெரிதாகக் கரிக்காது. ஒரு பாட்டிலைத் தக்கையால் அடைத்து, கல் கட்டி அடி மண் வரை இறக்கி, தக்கையைச் சுண்டி இழுத்துத் தண்ணீர் எடுத்துப் பாருங்கள். துப்பிவிடுவீர்கள். கரையில் நின்று மேல் தண்ணீரை மட்டும் மொண்டு சோதித்துவிட்டு 'பரவாயில்லை' என்று எழுதினால் அது சோதனையே ஆகாது.

இதில் மணல் எடுத்த பள்ளங்களின் பங்கு பெரிது. கடல் வற்றும்போது மேல் தண்ணீர் திரும்பிப் போகும், பள்ளத்தில் இறங்கிய உப்பு போகாது. அங்கேயே தங்கி, கரையோரத்து போர்வெல்களுக்குள் மெல்லக் கசியும். மாசி பிறந்தால் கைப்பம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும், கத்தரிச் செடியில் இலை ஓரம் கருகும். மண்ணின் உப்பு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் (மின்சாரம் கடத்தும் திறனை வைத்து உப்பை அளக்கும் அலகு) தாண்டினாலே நெல் விளைச்சல் இறங்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும் என்பது வேளாண் துறையினர் அறிந்த கணக்கு. திருச்சி வேளாண் கல்லூரி கொடுத்த டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்றே தெரியாதவன் எந்த ரகத்தை விதைப்பான்?

ஆஸ்திரேலியாவின் முர்ரே - டார்லிங் ஆற்றுப் படுகையில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் கடலைத் தடுக்க 1940-லேயே ஐந்து தடுப்பணைகளைக் கட்டி முடித்துவிட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை. அங்கே நிலத்தடியிலிருந்தும் உப்பு ஆற்றுக்குள் கசிகிறது. அதை ஆற்றைத் தொடுமுன்பே ஆழ்குழாய்களால் இறைத்து, தள்ளியிருக்கும் ஆவியாதல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் உப்பு இப்படி ஆற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. மார்கன் என்ற ஓர் ஊரைக் குறித்துக்கொண்டு, அங்கே ஆற்று நீரின் உப்பு 95 விழுக்காடு நேரம் சென்டிமீட்டருக்கு 800 மைக்ரோசீமன்ஸுக்குள் (அதாவது மீட்டருக்கு 0.8 டெசிசீமன்ஸுக்குள்) இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஊர் இது, அளவு இது என்று எழுத்தில் இருப்பதால், மீறும்போது பதில் சொல்ல ஆள் இருக்கிறது. கொலராடோ ஆற்றிலும் அப்படித்தான். அமெரிக்க வயல்களின் வடிகால் உப்பு மெக்சிகோ விவசாயிகளை வதைத்தபோது, 1973-இல் இரு நாடுகளும் உப்பு அளவுக்கான ஓர் எண்ணில்தான் உடன்பாட்டுக்கு வந்தன.

1836-இல் கட்டிய கீழணையில் தண்ணீர் எத்தனை கன அடி வந்தது, எத்தனை போனது என்று நாள் தவறாமல் கணக்கு எழுதும் நாடு இது. அதே அக்கறையோடு உப்பையும் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. கீழணை, வல்லம்படுகைப் பாலம், பெராம்பட்டு, முகத்துவாரம் ஆகிய நான்கு இடங்களில் மேலேயும் அடியிலேயும் உப்பு அளக்கும் கருவிகளைப் பொருத்துங்கள். அந்த அளவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் வாரந்தோறும் எழுதிப் போடுங்கள். வல்லம்படுகையில் உப்பு இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண்ணை அரசாணையாகவே போடுங்கள். தாண்டினால் கீழணையிலிருந்து கொஞ்சமாவது தண்ணீர் விட்டு உப்பைத் தள்ள வேண்டும். கோடையில் வீராணத்துக்கும் சென்னைக்கும் தண்ணீர் வேண்டும் என்பது தெரியும், எங்கள் பங்கும் அதே கணக்கில் ஏறட்டும்.

மீனவர்களை விட்டுவிட்டு இதைச் செய்யக் கூடாது. கேரளத்தில் தண்ணீர்முக்கம் உப்புநீர்த் தடுப்பணை குட்டநாட்டு நெல்லைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் மீன் குறைந்து, ஆகாயத்தாமரை மண்டி, கதவை எப்போது திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் தகராறு மூண்டதும் உண்மைதான். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கும் நன்னீர், உப்புநீர் இரண்டும் வேண்டும். ஆகவே கடல் பக்கம் எந்தக் கதவு வந்தாலும், அதைத் திறக்கும், மூடும் நாட்களை இரு தரப்பையும் உட்கார வைத்து முடிவு செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் மனுவாக எழுதி, கரையோர ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வருகிறோம். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். நீர்வளத் துறைப் பொறியாளர்கள் அன்றைக்குக் கையில் ஓர் எண்ணோடு வர வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொள்ளிடக்கரை விவசாயி ஒருவர்,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.