படகில் இருப்பதும் உடலில் இருப்பதும்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பதினெட்டு அடி நீளமுள்ள பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருப்பதையும், ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் வெயில் அடித்தால் நியூயார்க் மாநிலத்துச் செனிகா ஏரியில் அதை முதன்முறையாக இறக்கப் போவதையும் அம்மா சொல்லி அறிந்தேன். இருபத்தாறு ஆண்டுகள் துறைமுக இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவனுக்கு, மகன் சொந்தமாகப் படகு வாங்கினான் என்ற செய்தி எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அம்மா சொன்ன இன்னொரு செய்தி இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. முந்தைய உரிமையாளர் படகோடு சேர்த்துக் கொடுத்த ஆறு லைஃப் ஜாக்கெட்டுகளைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் முன் இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்துவிட்டாய் என்றும், சட்டப்படி அதுவே போதும் என்று சொன்னாய் என்றும் அவள் சொன்னாள். தொலைபேசியில் இவ்வளவையும் பொறுமையாகப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், சட்டப்படியே அது போதாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கீகார எண் அச்சிட்ட, அவரவர் உடல் அளவுக்குப் பொருந்துகிற, கிழிசல் இல்லாத லைஃப் ஜாக்கெட் ஒன்று எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உறைக்குள் கட்டி, பெட்டிக்குள் வைத்து, மேலே சாமான்களை ஏற்றி வைத்தவை கைக்கு எட்டுபவை ஆகா. பதினாறு அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில், விழுந்தவரை நோக்கி வீசுவதற்கென்று ஒரு மிதவையும் உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். அது உன் படகில் இருக்கிறதா என்று பார். இதற்கும் மேலாக, நியூயார்க் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மே 1 வரை, இருபத்தொரு அடிக்குக் குறைவான படகு ஓடும்போது அதில் இருக்கும் அனைவரும், பெரியவர்கள் உட்பட, லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே இருக்க வேண்டும். நீ படகை இறக்கப் போகும் ஏப்ரல் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முழுவதும் மூடிய அறைக்குள் இருந்தாலன்றி, ஆண்டு முழுவதும் அணிய வேண்டும். படகு ஓட்டுவதற்கான பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை நீ பெற்றுவிட்டாயா என்றும் எழுது. 2005-இல் லாங் ஐலண்டை ஒட்டிய நீரில் நடந்த படகு மோதலில் இறந்த பதினொரு வயதுச் சிறுமியின் பெயரால் இயற்றப்பட்ட அந்தச் சட்டம், 2025 ஜனவரியிலிருந்து மோட்டார் படகு ஓட்டும் எல்லா வயதினருக்கும் பொருந்துகிறது.

மே 1 கழிந்த பிறகு பெரியவர்கள் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை நீ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம் முழுவதும். செனிகா ஏறத்தாழ நூற்று எண்பத்தெட்டு மீட்டர் ஆழமுள்ள ஏரி. அவ்வளவு ஆழமான நீர் மெல்லத்தான் சூடேறும். கரையில் நீ அரைக்கைச் சட்டையோடு நிற்கும் நாளிலும் ஏரி நீர் குளிர்காலத்திலேயே இருக்கும்.

நீ நல்ல நீச்சல்காரன் என்பதை நான் மறக்கவில்லை. கோடை விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குறுக்குத்துறையில் தாமிரபரணியை இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீந்தியவன் நீ. ஆனால் உன் உடல் நீச்சலைக் கற்றது வெதுவெதுப்பான நீரில். பத்து டிகிரிக்கும் கீழான நீரில் திடீரென்று விழும்போது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்தக் கணத்தில் வாய் நீருக்கடியில் இருந்தால், இழுப்பது காற்றல்ல. அதன் பிறகும் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில், தம் உடலையே பனிநீருக்கு உட்படுத்தி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சை வசத்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படும்படி அசைய ஏறத்தாழப் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். குளிர்ந்த நீரில் விழுந்தவர் உறைந்து சாவதாகத்தான் நாம் நினைக்கிறோம். மிதவை அணியாதவர் அந்த ஒரு மணி நேரம் வரை உயிரோடிருப்பதே அரிது. உடல் தன் நடுப்பகுதியின் சூட்டைக் காக்க இரத்தத்தைக் கைகால்களிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள, விரல்கள் மடங்காமல், தோள் சுழலாமல், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கரை கண்ணுக்குத் தெரியும்போதே மூழ்கிவிடுகிறார். அந்த ஒரு மணி நேரம் முழுவதையும், யாராவது வந்து தூக்கும் வரை, ஒருவருக்குத் தருவது அவர் விழும்போதே உடலில் இருக்கும் ஜாக்கெட்தான்.

விழுந்த பிறகு அணியலாமே என்று நினைக்காதே. என்னோடு வேலை செய்த ஒருவர், எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீந்துபவர், ஒரு மதிய வேளையில் வியர்வை தாங்காமல் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தார். கயிறு வெட்டி இழுத்ததில் தலை படகின் விளிம்பில் மோதி, நினைவில்லாமலேயே நீரில் விழுந்தார். நாங்கள் நான்கு பேர் பத்தடி தூரத்தில் நின்றிருந்தோம். அவரைத் தூக்கியபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய ஜாக்கெட் மாலை வரை அந்த ஆணியிலேயே தொங்கியது. அதை எடுக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. உங்கள் நாட்டுக் கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கைப் படித்தபோது அந்த ஆணிதான் என் கண்முன் வந்தது: பொழுதுபோக்குப் படகுகளில் 564 பேர் இறந்திருக்கிறார்கள், காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மூழ்கி இறந்தவர்கள், அப்படி மூழ்கியவர்களில், விவரம் தெரிந்தவரை, 87 சதவீதத்தினர் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

பேத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறு ஜாக்கெட்டுகளும் பெரியவர்களுக்கானவை என்று அறிந்தேன். வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று சட்டை வாங்குவதுபோல இதைப் பெரிதாக வாங்கக் கூடாது. அவளை எடை பார். முப்பது முதல் ஐம்பது பவுண்டு வரையிலான குழந்தைகளுக்கு என்று அச்சிட்ட ஜாக்கெட் அவளுக்குச் சரியாக இருக்கும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை, தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டி, பின்புறம் தூக்குவதற்குக் கைப்பிடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். எல்லாக் கொக்கிகளையும் மாட்டிய பின் தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கு. ஜாக்கெட் மட்டும் ஏறி அவள் முகவாயையும் காதையும் தொட்டால் அது அவளுக்குப் பெரியது, நீரில் அவள் அதிலிருந்து நழுவிவிடுவாள். ஏரிக்குப் போகும் முன் நீச்சல் குளத்தில் அவளை அதோடு மிதக்கப் பழக்கு; பழகாத குழந்தை பயத்தில் கைகால்களை உதைத்து முகம் குப்புறப் புரள முயலும். நிறம் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். நீலம் அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அலைகளுக்கு நடுவே நீலம் கண்ணில் படாது.

தடிமனான ஜாக்கெட் சங்கடமாக இருக்கிறது என்று மருமகள் சொன்னால், காற்று நிரம்பும் மெல்லிய வகையை அவளுக்கு வாங்கிக் கொடு. அது பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்பதை மட்டும் நினைவில் வை. அதில் ஒரு சிறு வாயு உருளை இருக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதைக் கழற்றி, துளைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயால் ஊதி ஓர் இரவு விட்டுவைத்தால் கசிவு இருந்தால் தெரிந்துவிடும். ஒருமுறை நிரம்பிய பின் புது உருளை மாற்றாவிட்டால் அது வெறும் துணிதான்.

ஓட்டுபவர் இடத்தைவிட்டு விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை அவர் தம் உடலில் மாட்டிக்கொள்வதும் 2021 ஏப்ரலிலிருந்து சட்டம். உன் படகில் அந்த வசதி இருந்தால் மறக்காதே. ஓட்டுபவர் மது அருந்தக் கூடாது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடன் வரும் நண்பர்களிடம் நீ சொல்ல வேண்டும்.

அந்த ஆறு ஜாக்கெட்டுகளையும் இந்த வாரமே உறையிலிருந்து எடுத்து, கொக்கிகளையும் பட்டைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றின் உட்புறச் சீட்டையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. பேத்திக்கு வாங்கியதும், தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதை அம்மாவும் நானும் காணும்படி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டு. அதுவரை படகு கரையிலேயே நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா