அட்டையைப் பிடுங்கும் முன் விதியைச் சொல்லிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் போகிமான் அட்டைகளை (கற்பனை உயிரினங்களின் படம் போட்ட ஆட்ட அட்டைகள்) வைத்துச் சூதாடுகிறார்கள், அவற்றைக் கடைகளில் விற்பதையே தடுக்க வேண்டும் என்று வேலூர் வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. அவர் சொன்னது என் வீட்டிலும் நடந்தது. ஆனால் நோய் ஒன்று, அவர் சொல்லும் மருந்து வேறு.

நான் வேலூர், குடியாத்தம், வாணியம்பாடி நீதிமன்றங்களில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, சிரஸ்தாராக, அதாவது நீதிமன்றத் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவள். வேலையில் சேர்ந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம். இப்போது சத்துவாச்சாரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் செவிலியர், இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குவாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பேரன் என் பொறுப்பு.

சென்ற ஆண்டு பேரனின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அட்டைகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள், பெற்றோர் வந்து கையெழுத்திட வேண்டும் என்று எழுதியிருந்தது. மகளுக்குப் பதில் நான் போனேன். அன்று மதிய உணவு வேளையில் மட்டும் அவன் 23 அட்டைகளைத் தோற்றிருக்கிறான். ஆளுக்கொரு அட்டையைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார்களாம். எது கவிழ்கிறதோ அது தட்டியவனுக்குச் சொந்தம். கை பெரிய பையன் வெல்வான், சின்னவன் தோற்பான். அவ்வளவுதான் அந்த ஆட்டம்.

அன்று மாலை அவனிடம் கேட்டேன்: "இந்த அட்டையில் இத்தனை எண்ணும் குறியும் எழுத்தும் போட்டிருக்கிறார்களே, இதை எப்படி ஆட வேண்டும் என்று உங்களில் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது ஆயா" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. முப்பது பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று முப்பது பேருக்கும் தெரியாது. தெரியாததால்தான் தட்டுகிறார்கள், பணயம் வைக்கிறார்கள், "என்னுடையது தங்கம், உன்னுடையது தாள்" என்று ஒருவனை ஒருவன் மட்டம் தட்டுகிறார்கள்.

நான் பிறந்தது குடியாத்தத்தில். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுவார். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரிடமும் தீப்பெட்டிப் படம் இருக்கும். நாங்களும் சேர்த்தோம், மாற்றிக்கொண்டோம், அரிய படம் ஒன்றுக்குச் சாதாரணப் படம் பத்து என்று பேரம் பேசினோம். ஆனால் எங்களுக்கு விதி இருந்தது. எந்தப் படம் எதை வெல்லும், எத்தனை முறை எறியலாம், கோட்டில் விழுந்தால் யாருக்கு என்பதெல்லாம் பெரிய பிள்ளைகள் வாயிலிருந்து சின்னப் பிள்ளைகள் காதுக்கு வந்தது, எங்கள் பேச்சிலேயே வந்தது. அடுத்த தெருவுக்குப் போனால் விதி மாறும். ஆட்டம் தொடங்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். என் பேரன் கையிலிருக்கும் அட்டைக்கும் விதி இருக்கிறது. அதை அவன் காதுக்குக் கொண்டுவர ஒருவரும் இல்லை.

அதனால் நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மருமகன் பெங்களூரிலிருந்து, ஆடுவதற்கென்றே தொகுத்து விற்கும் 60 அட்டைக் கட்டுகள் இரண்டு வாங்கி வந்தார். உடன் ஒரு விதிக் கையேடு, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, வழக்குக் கட்டைப் படிப்பது போல வரி வரியாகக் குறிப்பெடுத்தேன். மூன்று வாரம் ஆனது.

இந்த ஆட்டம் ஜப்பானில் 1996இல் வெளிவந்தது. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி, 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மேஜிக்'. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதம் படித்தவர். விதிகளைப் படிக்கப் படிக்க, அதை நம்புவது எனக்கு எளிதாகிவிட்டது.

போகிமான் கட்டில் சரியாக 60 அட்டைகள் இருக்க வேண்டும். போகிமான் தாக்குவதற்கு வலுத் தரும் அடிப்படை ஆற்றல் அட்டை தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. கலைத்து, ஏழு அட்டை கையில் எடுக்க வேண்டும். அதில் அடிப்படை நிலைப் போகிமான், அதாவது கையிலிருந்து நேரடியாக இறக்கக்கூடியது, ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை எதிராளியிடம் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும். அப்படிக் கலைத்ததற்காக எதிராளி விரும்பினால் ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று முன்னே நின்று சண்டையிடும், ஐந்து வரை பின்னே காத்திருக்கும். ஆறு அட்டைகளைக் கவிழ்த்துத் தனியே வைக்க வேண்டும். எதிரியின் போகிமானை வீழ்த்தும்போது அதிலிருந்து எடுக்கலாம், ஆறையும் எடுத்தவர் வென்றார். ஒரு முறைக்கு ஓர் ஆற்றல் அட்டைதான் சேர்க்கலாம். தாக்கினால் உங்கள் முறை முடிந்தது, அதற்குப் பிறகு "இதையும் செய்கிறேன்" என்று கேட்க முடியாது. தூங்கிப்போன போகிமான் விழிக்குமா என்று பார்க்கக் காசு சுண்ட வேண்டும். பூவா தலையா என்பது எங்கள் தெருவிலேயே இருந்தது.

இத்தனையும் விதி. ஆனால் ஆட்டத்தின் உயிர் ஒவ்வோர் அட்டையின் அடியிலும் இருக்கும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது. மேஜிக் ஆட்டத்தில் ஒரு பொன்விதி உண்டு: பொது விதியும் அட்டையில் எழுதியிருப்பதும் முரண்பட்டால் அட்டைதான் செல்லும். ஓர் அட்டை "செய்யலாம்" என்றும் இன்னொன்று "செய்ய முடியாது" என்றும் சொன்னால், "முடியாது" என்பதே வெல்லும். இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பொதுச் சட்டத்தைச் சிறப்புச் சட்டம் மேவும் என்பதையும், "எது எவ்வாறிருப்பினும்" என்று தொடங்கும் பிரிவுக்கு உள்ள வலுவையும் இளம் எழுத்தர்களுக்குப் புரியவைக்க நான் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை ஓர் அட்டை கற்றுக் கொடுக்கிறது.

ஒரு நாள் பேரனுக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் தகராறு. பேரனுடைய அட்டை எதிரியின் எல்லாப் போகிமான்களுக்கும் அடி கொடுக்கும். பின்னால் காத்திருந்த ஒன்றுக்கு அந்த வகைத் தாக்குதல் பலவீனம். பலவீனம் என்றால் அடி இரண்டு மடங்கு. இரட்டிப்பாகக் கணக்குப் போட்டு அதை வீழ்த்திவிட்டதாகப் பேரன் சொன்னான். எதிர்வீட்டுப் பையன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: காத்திருக்கும் போகிமான்களுக்குப் பலவீனத்தையும், அடியைக் குறைக்கும் எதிர்ப்பையும் கணக்கில் எடுக்கக் கூடாது. பேரனுக்கு முகம் வாடியது. ஆனாலும் அட்டையைத் திரும்ப வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்துத் தானே ஒரு முறை படித்தான். அதுவரை அவன் எந்த அட்டையிலும் படம் தவிர எதையும் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுப் பையன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிப்பவன். போகிமான்களின் பெயர் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம், ஆனால் அட்டையிலுள்ள ஆங்கிலம் அவனுக்கு மதில் சுவர். அவனுக்காகத்தான் நான் விதிகளைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். சொற்களை நாங்கள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். பின்னே காத்திருக்கும் இடத்துக்குத் 'திண்ணை' என்று பெயர் வைத்தது அந்தப் பையன்தான். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. முன்னே நிற்பது 'களம்'. ஆட்டத்திலிருந்து போன அட்டைகளுக்குச் சீட்டாடுகிறவர்கள் சொல்வதுபோல 'கழித்தது'. களத்திலிருந்து திண்ணைக்குத் திரும்ப இழக்க வேண்டிய ஆற்றல் 'பின்வாங்கும் கூலி'. கவிழ்த்து வைக்கும் அந்த ஆறு அட்டைகளைப் 'பரிசுச் சீட்டு' என்று பேரன் சொன்னான். அதை மட்டும் நான் ஏற்கவில்லை. 2003இல் தமிழகத்தில் லாட்டரியைத் தடை செய்யும் வரை அந்தச் சொல்லால் அழிந்த குடும்பங்களின் வழக்குக் கட்டுகளை நான் என் கையால் அடுக்கியிருக்கிறேன். 'வெகுமதி அட்டை' என்று வைத்தோம்.

மே மாதம், வெளியே 40 டிகிரிக்கு மேல். மின்விசிறிக்கு அடியில் இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கையிலிருப்பதையெல்லாம் கழித்துவிட்டு ஏழு அட்டை எடுக்கச் சொல்லும் ஓர் அட்டை உண்டு. பேரனுக்கு அதன் மேல் அத்தனை ஆசை, கிடைக்கும்போதெல்லாம் இறக்குவான். எதிர்வீட்டுப் பையன் மிகுந்த உடல்வலு கொண்ட ஒன்றைக் களத்தில் நிறுத்தி, அடி வாங்க வாங்க மருந்து அட்டையால் தேற்றிக்கொண்டே இருந்தான். தாக்கவே இல்லை. எனக்கே பொறுமை போய், "ஏன் சும்மா இருக்கிறாய்?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை, சொன்னான்: "60இல் கைக்கு ஏழு, வெகுமதிக்கு ஆறு போனால் 47 ஆயா. அவன் ஏழு ஏழாக நான்கு முறை எடுத்துவிட்டான். மீதி 19, முறைக்கு ஒன்றாக எடுத்ததையும் கழித்தால் இன்னும் குறைவு. அதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்." சிறிது நேரத்தில் பேரனின் முறை வந்தது, எடுக்கக் கட்டில் அட்டை இல்லை. முறையின் தொடக்கத்தில் எடுக்க அட்டை இல்லாதவர் தோற்றவர். அந்த விதியை நான் ஒரே ஒரு முறைதான் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தேன்.

விதி தெரிந்த பிறகு இன்னொன்றும் நடந்தது. கடைத்தெருவில் 200 ரூபாய் கொடுத்து வாங்கிய தங்க நிறப் பிளாஸ்டிக் அட்டைகளை இருவரும் எடுத்துப் பார்த்தார்கள். தாக்குதலுக்கு எத்தனை ஆற்றல் வேண்டும் என்ற குறி இல்லை. பலவீனம் போட வேண்டிய கட்டம் காலி. பெயரில் எழுத்துப் பிழை. "இதை வைத்து ஆடவே முடியாது ஆயா, இது பொய்" என்று பேரனே சொல்லிவிட்டான். பள்ளியில் அதற்கு இருந்த மதிப்பு அன்றோடு அவனிடம் போய்விட்டது.

தடை கேட்ட வாசகருக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் மாநிலத்தின் சூதாட்டச் சட்டம் 1930ஆம் ஆண்டுச் சட்டம். ஆந்திரத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 1968இல் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. ஆனால் வேறு வகையில் பணயம் நடந்தாலோ, இடம் கொடுத்தவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தாலோ அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பள்ளியில் நடந்தது பணயம். அதைத் தடுக்க வேண்டும், சந்தேகமில்லை. மேஜிக்கிலேயே தொடக்கத்தில் ஆளுக்கோர் அட்டையைப் பணயம் வைக்கும் விதி இருந்து, பின்னர் கைவிடப்பட்டது. பிரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத உறைகளை விற்பதில் ஆசையைத் தூண்டும் வியாபாரம் இருக்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த நாளுக்கு மட்டுமே உறை. மற்றபடி அந்த இரண்டு கட்டுகள்தான்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் கால் பக்கம் ஒதுக்கி, இந்த ஆட்டத்தின் விதிகளைத் தமிழில் வெளியிடுங்கள். கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. அதை அவர்களுக்குச் சொன்னவற்றில் செய்தித்தாளும் ஒன்று. பறிமுதல் செய்யும் ஆசிரியர்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் அட்டைகளை ஒரு சனிக்கிழமை வெளியே எடுத்து, விதியோடு ஆடச் சொல்லிப் பார்க்கட்டும். நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மேசை கிடைத்தால் நான் வந்து உட்காரத் தயார்.

நான் தமிழில் எழுதிய விதிகள் 11 பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். சொற்பட்டியல் கடைசிப் பக்கத்தில் உள்ளது. அதில் 'திண்ணை' என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம் என்று எதிர்வீட்டுப் பையன் கேட்டுக்கொள்ளச் சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார்,
சத்துவாச்சாரி, வேலூர்.